இன்னொருத்தர் கைப்பக்குவம்

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தி வந்தால், எங்கள் தெருமுனைக் கடை அக்கா ஊறப்போடும் அரிசியில் ஒரு படியைக் குறைத்துவிடுவார். கூண்டு ஏறினால் படகு போகாது. படகு போகாத நாளில் ஆம்பளைகள் எல்லாம் ஊரில்தான் இருப்பார்கள், கடைக்கும் வருவார்கள். ஆனால் வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுகிறவர் மூன்றோடு "போதும்க்கா" என்று கையைக் கழுவிவிடுவார். அக்காவும் வற்புறுத்த மாட்டார். கடலுக்குப் போகாதவன் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். மூன்று சாப்பிட்டவருக்கு மட்டும் சாம்பாரை இன்னொரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. முன்பு பனை ஓலைக் கூரை, இப்போது தகரம். தெருவைப் பார்த்து ஒரு பெஞ்சு, அடுப்பை ஒட்டி உள்ளே ஒரு பெஞ்சு. சாம்பாரும் சட்டினியும் தினமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆப்பமும் பழைய மீன் குழம்பும். வாரத்தில் ஐந்து நாள் ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் நான், சனிக்கிழமை இரவு பஸ்ஸில் பாலம் ஏறும்போதே அந்தக் குழம்பை நினைக்க ஆரம்பித்துவிடுவேன். மண்டபம் தாண்டி, இரண்டு பக்கமும் இருட்டில் கடல் வந்ததும், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். வாய் ஊறும்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அக்கா சனிக்கிழமை சாயங்காலமே வைத்துவிடுவார். மிச்சமான குழம்பைப் பழசு என்று விற்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பழசாக வேண்டும் என்றே வைக்கப்படும் குழம்பு அது. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என மூன்று நாள். மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுகளுக்கு. வெள்ளிக்கிழமை இரவு வலை விட்ட வத்தைகள், அந்தச் சின்ன நாட்டுப்படகுகள், சனிக்கிழமை விடிய ஏறும்போது கொண்டுவரும் மீனைத்தான் அக்கா வாங்குவார். ஐஸ் படாத மீன். பெரும்பாலும் சூடை, கிடைத்தால் நகரை. பெரிய மீன் குழம்புக்கு ஆகாது, அது வியாபாரிக்குப் போகட்டும் என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சீலாவும் பாறையும் வறுக்க நன்றாயிருக்கும். ஒரு இரவு முழுக்கப் புளியில் கிடந்து ருசி ஏறுவதற்கு முள்ளும் கொழுப்பும் உள்ள சூடைதான் சரி.

மிளகாயையும் மல்லியையும் வெறுஞ்சட்டியில் வறுத்து, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய் சேர்த்து அம்மியில் வைத்து அரைப்பார். கிரைண்டர் மாவுக்கு மட்டும். புளித்தண்ணீரில் மசாலா கொதித்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்ற பிறகுதான் மீன் உள்ளே போகும். மீன் போட்ட பின்பு கரண்டிக்கு வேலை இல்லை. துணியால் சட்டியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, தொட்டில் ஆட்டுவது போல ஒரு சுற்று. பிறகு மூடி, அடுப்புத் தணலின் ஓரத்தில் வைத்துவிடுவார். மறுநாள் காலையில் லேசாகச் சூடு மட்டும் காட்டுவார். இட்லி நடுவில் குழி செய்து அதில் குழம்பு ஊற்றினால், ஒரு நிமிஷத்தில் இட்லி அடிவரை சிவந்துவிடும். அந்த ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் பிய்த்தால் மேலே புளிப்பும் அடியில் வெறும் இட்லியுமாகப் போய்விடும்.

அந்தச் சிவப்பு எங்கள் வீட்டு மிளகாய். சொல்ல வந்ததே அதைத்தான்.

அம்மாவின் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். கடல் இல்லாத, கண்மாயும் கரிசலும் மிளகாய்ச் செடியுமான ஊர். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி தொடங்கிப் பழம் பறித்து, களத்தில் காயவைத்து எடுக்கும் குண்டு மிளகாய். காய்ந்த பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலக்கும். 2023-ல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா அந்தச் செய்தித்தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். வருஷாவருஷம் பங்குனியில் மாமா ஒரு மூட்டை அனுப்புவார். வீட்டுக்கு எடுத்தது போக மீதியை அக்கா கடைக்கு நிறுத்துக் கொடுப்பார் அம்மா. இருபது வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. அந்தக் காசு மட்டும் அப்பா கைக்குப் போகாது, அம்மாவின் சுருக்குப்பைக்குப் போகும்.

இருபது வருஷமாக அம்மாவின் மிளகாயில் கொதித்த குழம்பை அம்மா ஒரு நாளும் அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டுக்கு வாங்கி வந்தால் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அம்மா 1986-ல் கல்யாணமாகி வந்தபோது தீவுக்கு ரயில் மட்டும்தான். 1914-இல் திறந்த பாலம். சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தது. ரயிலை விட்டு இறங்கி வீடு வரும் வழியில் டீக்கடையைப் பார்த்து, தாகமாக இருக்கிறது என்று புதுப்பெண் சொல்லியிருக்கிறார். "பொம்பளைக கடையில உக்காந்து குடிக்கிறதா?" என்றிருக்கிறார் அப்பத்தா. கோபமாகக்கூட இல்லையாம், சும்மா கேட்டது போலத்தானாம். அந்த ஒரு கேள்வி முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்திருக்கிறது. அம்மா இதை எனக்குச் சொன்னதே போன வருஷம்தான்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியோடு என்னைத்தான் கடைக்கு அனுப்புவார்கள். அப்பாவுக்கு வீட்டு இட்லி, கடைக் குழம்பு. முதல் பூசைக்குப் போய்வந்து, சீலையைக்கூட மாற்றாமல் அம்மா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவார். ஞாயிறு ஓய்வு நாள் என்று பூசையில் கேட்டுவிட்டு வந்த கையோடு. நான் கடை வாசலில் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முன் பெஞ்சு முழுக்க ஆம்பளைகள். சனிக்கிழமை போன விசைப்படகுகள் ஞாயிறு காலையில் கரை பிடித்திருக்கும். பங்கு பிரித்த காசு மடியில் இருக்கும், சத்தம் பெரிதாக இருக்கும். எத்தனை பெட்டி இறால், கணவாய் என்ன விலைக்குப் போனது, சங்காயம் எவ்வளவு என்று பேச்சு ஓடும். மீன்பாடு நன்றாக இருந்த ஞாயிறு, தெருவுக்குள் நுழையும்போதே காதில் தெரிந்துவிடும்.

உள் பெஞ்சுதான் எனக்கு அதிசயம். அங்கே பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள் அவர்கள். குருசடைத் தீவு போல, மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடலின் தீவுகளை ஒட்டி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பிய்த்து வருகிறவர்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருப்பார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஆறு ஆறு நாள் என்று மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, பாசி திரும்ப வளர விடுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது கிடைத்தபோது ஊரே பேசியது. அமெரிக்கா வரை போய் வாங்கி வந்தார். ஆனால் அவர்களை நான் மனதில் வைத்திருப்பது விருதால் அல்ல. என் கண்ணில் பட்டு, அடுத்தவர் சமைத்ததை உட்கார்ந்து, இலையில் பரிமாறச் சொல்லி, "இன்னும் ஒரு கரண்டி ஊத்துக்கா" என்று கேட்டுச் சாப்பிட்ட முதல் பெண்கள் அவர்கள்தான். நாளெல்லாம் தண்ணீரில் முங்கப் போகிறவளுக்கு வயிறு நிறைய வேண்டும், வீட்டில் சமைத்துவிட்டுக் கிளம்ப அந்த நேரத்தில் முடியாது, கையில் சொந்தக் காசும் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் அக்கா உள் பெஞ்சையே போட்டார். பாசிக்காரவுக பெஞ்சு என்றுதான் இன்றைக்கும் பெயர். நிலாக் கணக்குக்குள் விழும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு மணிக்கே கடையில் விளக்கு எரியும். மற்ற ஞாயிறுகளில் ஐந்தரை.

நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிறு தூக்குவாளியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அக்கா பார்த்தார். "வாத்தா, உள்ள வா. அடுப்புப் பக்கமா உக்காரு, காத்து அடிக்காது" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் இடம்.

அந்தக் கடையை நான் இவ்வளவு கொண்டாடுவதைப் பார்த்து அலுவலகத்தில் தோழிகள் ராமேஸ்வரத்தில் பெரிய ஹோட்டல்கள் எத்தனை இருக்கிறதே என்பார்கள். இருக்கின்றன. கோயிலைச் சுற்றிச் சைவ ஹோட்டல்கள்தான் அதிகம். வட இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பூரியும் ரொட்டியும் நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் அங்கே சாப்பிடுகிறவர் யாரென்று சாப்பாடு போடுகிறவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இங்கே, தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகை நாற்று ஏற்றி வரும் பாய் ஒருவர் "ஆணம் ஊத்துங்க" என்பார், பக்கத்தில் இருப்பவர் "குழம்பு" என்பார், அக்கா ஒரே சட்டியிலிருந்து இரண்டு பேருக்கும் ஊற்றுவார். பாய்க்குக் காரம் ஆகாது. அவருக்கு மேலாக அள்ளாமல் தேங்காய்ப்பால் கலந்து கொடுப்பார். கேட்டு அல்ல. ஒரு தடவை அவர் இருமியதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு. உவர்த் தண்ணீரில் டீ போட்டால் பால் எவ்வளவு விட்டாலும் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அதனால் தள்ளுவண்டியில் குடம் குடமாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து தனியாக மூடி வைத்திருப்பார். டீக்கும் உளுந்து அரைக்கவும் மட்டும் அது. உவர்த் தண்ணீரில் அரைத்தால் உளுந்து பொங்காது என்பது அக்காவின் தீர்மானம். இட்லி அவ்வளவு பஞ்சாக இருப்பதற்கு அந்தக் குடங்களை இழுத்து வரும் தோளும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்டது. ஸ்டேஷன் பக்கமிருந்து காலையில் வரும் கூட்டம் ஒரே நாளில் இல்லாமல் போனது. இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி. புட்டை நிறுத்தினார், இடியாப்பத்தை நிறுத்தினார், வேலைக்கு இருந்த பெண்ணை நிறுத்த மனமில்லாமல் தன் நகையில் ஒன்றை அடகு வைத்தார். இதை அவர் சொல்லவில்லை. கழுத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்தை மட்டும் நிறுத்தவில்லை. இளநீர் ஊற்றிப் புளிக்கவைத்து, ஓரம் முறுகி நடு மெத்தென்று இருக்கும் ஆப்பம். "ஞாயித்துக்கெழமைக்கு ஊருல ஒரு நல்லது வேணாமா" என்றார்.

புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6-ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். ராமநவமி. பிரதமர் வருகிறார் என்று ஊர் முழுக்க போலீஸ். அக்கா வெயில் ஏறும் முன்பே பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எங்களோடு கரைக்கு வந்து நின்றார். பழைய பாலத்தைக் கப்பல் வந்தால் ஆள்கள் நின்று கையால் திருகித்தான் திறப்பார்கள். அந்த வேலையாட்களில் சிலர் அக்காவின் அம்மா காலத்திலிருந்து கடையில் சாப்பிட்டவர்கள். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மின்சாரத்தில் நேராக மேலே எழும்புகிறது. அக்கா அதை அண்ணாந்து பார்த்தார். "இனிமே வெள்ளன ரயில் வரும்ல? இடியாப்பத் தட்டக் கழுவணும்" என்றார்.

அந்த மாதம் 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், விடத்தான் வேண்டும். அந்த அறுபத்தோரு நாளும் அக்காவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு புழங்கும். பெயர் எழுத மாட்டார், படகின் நம்பரில் கடைசி இரண்டு எண்ணை எழுதுவார். நோட்டைத் திறந்து வைத்துப் பார்க்கிறவருக்கு யார் கடன் என்று தெரியக் கூடாது என்பதற்காக. ஜூன் கடைசியில் கணக்குத் தீரும். தீராததும் உண்டு. அந்தப் பக்கத்தை அவர் கிழித்து அடுப்பில் போட்டதை நான் ஒரு முறை பார்த்தேன். யாருடைய எண் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது.

போன ஆடியில் அம்மா பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு, மாவுக்கட்டு. ஒரு கையால் இட்லிப் பானையைத் தூக்க முடியாது. நான் லீவு போட்டுவிட்டு வந்து சமைத்தேன். என் சமையல் அப்பாவுக்கு இறங்கவில்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. ஆடி அமாவாசை கழிந்த ஞாயிறு, முதல் பூசை முடிந்து மூன்று பேரும் தெருவில் வந்துகொண்டிருந்தோம். தென்கடல் பொங்கிக் கிடந்தது. காற்று மணலை வாரி அடித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்து நடந்தார். கடை வந்ததும் நான் நின்றேன். எதுவும் யோசித்து வைக்கவில்லை.

"ம்மா, காத்து அடங்குற வரைக்கும் உள்ள உக்காருவோம்" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் இடம் அது. அக்கா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க மதினி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

காற்று கூடுதலாக இருந்ததால் பாசிக்குப் போகாத மூன்று பேர் உள் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அம்மா ஓரத்தில், பாதி பெஞ்சில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பது போல உட்கார்ந்தார். இலை வந்தது. இரண்டு இட்லி. அக்கா நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினார். நான் பேசாமல் இருந்தேன். அம்மா உடனே பிய்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை யாரும் சொல்லாமலே பொறுத்தார். பிறகு சாப்பிட்டார். சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து பெஞ்சில் முழுசாக உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

"மொளகாய எண்ணெயில வறுக்குறியா, வெறுஞ்சட்டியிலயா?" என்று கேட்டார் அம்மா.

"வெறுஞ்சட்டிதான் மதினி."

"அதான். நா எண்ணெய விட்டு வறுப்பேன். அதுல இந்த வாசம் வராது." இன்னொரு வாய் சாப்பிட்டார். "மல்லி ஒரு பிடி கூடப் போயிருக்கு."

"நேத்து மட்டும் கூடிப்போச்சு" என்றார் அக்கா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பாசிக்கார அம்மா ஒருவர், "இத்தன வருசமா நாங்க நல்லாருக்குன்னு மட்டும்தான் சொன்னோம், மல்லி கூடுனத ஒருத்தியும் கண்டுபிடிக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வெளியே அப்பா என்னவென்று கேட்க, யாரும் பதில் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு வையி" என்றார் அம்மா.

ஆப்பம் ஒன்றும் சாப்பிட்டார். டீயும் குடித்தார். எழுந்தபோது நான் பணத்தை எடுத்தேன், அக்கா வாங்க மாட்டேன் என்றார். அம்மா இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, ஒரு கையாலேயே சுருக்குப்பையின் கயிற்றைப் பல்லால் இழுத்துத் திறந்து, மிளகாய்க் காசிலிருந்து மூன்று பேருக்கும் எண்ணி அடுப்புத் திண்டில் வைத்தார். அப்பாவுடையதையும் சேர்த்து.

"அடுத்த வாரம் காரல் கெடச்சா சொதி வைக்கிறேன் மதினி. கட்டுப் போட்ட கைக்கு நல்லது. ஆப்பத்துக்கும் சேரும்" என்றார் அக்கா.

"கெடச்சா சொல்லிவிடு" என்றார் அம்மா. தெருவில் இறங்கி நாலடி வைத்துவிட்டுத் திரும்பி, "கெடைக்காட்டியும் வர்றேன்" என்றார்.